கொதிக்காத ஹாப்ஸ்: வீட்டு பீரில் மணமேற்றும் முறைகள்
(ஓர் அரங்கச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருள் பீர். பீர் என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நல்லது, அந்த உற்சாகம் கடைசி வரை இருக்கட்டும். ஆனால் குடியைப் பற்றிப் பேச இங்கே யாரும் கூடவில்லை. மணத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். ஒரு கொடியின் பூவுக்குள் இருக்கும் மணத்தை ஒரு திரவத்துக்குள் இறக்குவது எப்படி? இறக்கிய மணம் ஓடிப்போகாமல் காப்பது எப்படி? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சமையலறையிலும் கார் ஷெட்டிலும் சொந்தமாக பீர் காய்ச்சும் ஆயிரக்கணக்கான பேர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் கைக்கொள்ளும் வித்தைக்கு ட்ரை ஹாப்பிங் என்று பெயர். கொதி முடிந்து, ஆறி, ஈஸ்ட் சேர்த்து நொதித்த பீரில் மறுபடியும் ஹாப்ஸைப் போட்டு ஊறவிடுவதுதான் அது.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குள் செய்தாலும் குற்றம்தான். ஆகவே இங்கே கேட்டுவிட்டு இரவே அடுப்பேற்றிவிட வேண்டாம். அனுமதி உள்ள நாடுகளில் நடப்பதைத்தான் பார்க்கப்போகிறோம். அதில் வேதியியல் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, நூறு வருஷம் மறந்துகிடந்த ஒரு கண்டுபிடிப்பும் இருக்கிறது.

முதலில் பூவைப் பார்ப்போம்.

ஹாப்ஸ் ஒரு கொடி. கஞ்சாவும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். கயிறு கட்டிவிட்டால் ஐந்தாறு மீட்டர் உயரம் சரசரவென்று ஏறிவிடும். ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பீருக்கு வேண்டியது பெண் கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்பு. அந்தக் கூம்பை நடுவில் பிளந்து பார்த்தால், மெல்லிய இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும், மணம் மூக்கில் ஏறும். லூபுலின் என்பது அந்தப் பொடிதான். ஹாப்ஸின் மொத்த மதிப்பும் அதற்குள்தான் இருக்கிறது.

லூபுலினுக்குள் இரண்டு சரக்கு. ஒன்று, ஆல்ஃபா அமிலங்கள். இவை கசப்புக்கு. மற்றொன்று, எண்ணெய். இது மணத்துக்கு. எண்ணெயின் அளவு பெரும்பாலான ரகங்களில் கூம்பின் எடையில் மூன்று சதவிகிதத்தைத் தாண்டாது. அந்தக் கொஞ்சத்துக்குள் எத்தனை வாசனைகள்! மிர்சீன் என்ற பொருள் இருக்கிறது. மாம்பழத்திலும் அது உண்டு. லினலூல் இருக்கிறது; கொத்தமல்லி விதையின் வாசனைக்கு அதுவே முக்கியக் காரணம். கேரியோஃபிலீன் இருக்கிறது, மிளகிலும் கிராம்பிலும் உள்ளது அதுதான். ஜெரானியால் இருக்கிறது, ரோஜாவில் மணப்பது அது. நம் அஞ்சறைப் பெட்டியிலும் பூக்கூடையிலும் இருப்பவை ஐரோப்பியக் கொடி ஒன்றில் கூடிக் குடியிருக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது? கசப்புக்கும் மணத்துக்கும் ஒத்துப்போகாது. ஆல்ஃபா அமிலம் பீரில் சரியாகக் கரைய வேண்டுமானால், மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் சாற்றோடு ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். கொதியில் உருமாறினால்தான் கசக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரக் கொதியில் எண்ணெய் ஆவியோடு ஆவியாகப் போய்விடும். ரசத்தை இறக்கும் நேரத்தில் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுகிற வீட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் தெரு முழுக்க மணக்கும், கிண்ணத்தில் மணக்காது. ட்ரை ஹாப்பிங்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அடுப்பை அணைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு தழையைப் போடுகிறார்கள்.

இது யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் ஒரு பெயரைச் சுட்ட முடியாது. ஆனால் இங்கிலாந்தின் மரப்பீப்பாய்களில் இது வழக்கமாக இருந்தது என்பது உறுதி. அந்தப் பீப்பாய்களில் பல நம் கரைக்கே வந்து இறங்கின.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கிழக்குப் பகுதியில், போ என்ற இடத்தில், ஜார்ஜ் ஹாட்ஜ்ஸன் என்பவர் பீர் ஆலை நடத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற துறை பக்கத்திலேயே இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் கடனுக்கு பீர் கொடுத்தார். அவர்கள் அதைக் கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் விற்றுக் காசாக்கினார்கள். 1820களில் பர்ட்டன் நகரத்து சாமுவேல் ஆல்சாப்பின் ஆலை இந்தச் சந்தைக்குள் இறங்கியது. ஹாட்ஜ்ஸன் பாணி பீரை முதன்முதலில் ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிப் பார்த்தவர் ஆல்சாப்பிடம் வேலை பார்த்த ஜாப் குட்ஹெட் என்று பர்ட்டன்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். கதை உண்மையோ என்னவோ, வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை அது.

அந்த பீருக்குத்தான் பின்னாளில் இந்தியா பேல் ஏல் என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுக்க ஐ.பி.ஏ. என்ற மூன்றெழுத்தில் விற்கிறது. பீப்பாயை நிரப்பும்போதே ஒரு பிடி ஹாப்ஸை உள்ளே போட்டு அடைப்பார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் பயணம் மாதக்கணக்கில் நீளும். அத்தனை மாதமும் பூ பீருக்குள் ஊறிக்கொண்டே வரும். இரண்டு காரணத்துக்காக அப்படிச் செய்தார்கள். ஒன்று மணம். இன்னொன்று பாதுகாப்பு, பீரைப் புளிக்கவைக்கும் சில பாக்டீரியாக்களை ஹாப்ஸ் வளரவிடாது. இந்தியாவுக்கு அனுப்புவதற்காகவே இந்த பீர் கண்டுபிடிக்கப்பட்டது என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்கலாம். அதை அப்படியே நம்ப வேண்டாம். அதே கப்பல்களில் கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் ஏராளமாக வந்தது. சிப்பாய்கள் விரும்பிக் குடித்தது அதைத்தான்.

சரி, பீப்பாயிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தது? அதற்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும்.

அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியது. வீட்டில் ஒயின் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. பீர் மட்டும் விடுபட்டுப்போனது. நாற்பத்தைந்து வருஷம் அப்படியே கிடந்தது. இங்கிலாந்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் 1963இல் வீட்டு பீருக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் 1978 அக்டோபர் 14 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் வழி திறந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக்கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டு, அலபாமாவும் மிசிசிப்பியும் கடைசியாக 2013இல்தான் தலையசைத்தன.

இதே காலத்தில் பூவும் மாறியது. 1972இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியில் ஓரிகன் மாநிலத்தில் உருவான காஸ்கேட் என்ற ரகம் வெளியானது. ஐரோப்பிய ஹாப்ஸில் மண்ணும் மூலிகையும் மணக்கும். காஸ்கேட்டில் பப்ளிமாஸ் மணந்தது. 1975இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் ஃப்ரிட்ஸ் மேடேக், அமெரிக்கப் புரட்சி வீரர் பால் ரெவியரின் புகழ்பெற்ற குதிரைச் சவாரியின் இருநூறாம் ஆண்டு நினைவாக லிபர்ட்டி ஏல் என்ற பீரைக் காய்ச்சினார். அதில் காஸ்கேட்டை ட்ரை ஹாப் செய்தார். பழைய ஆங்கிலேயப் பழக்கமும் புதிய அமெரிக்கப் பூவும் அங்கே சந்தித்தன. அடுத்த ஆண்டே, 1976இல், கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் கென் கிராஸ்மன் என்ற இளைஞர் வீட்டு பீருக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடை திறந்தார். பின்னாளில் சியர்ரா நெவாடா ஆலையைக் கட்டியவர் அவர்தான்.

ஆக, இந்த வித்தையை ஆலைக்காரர்கள் மட்டும் வளர்க்கவில்லை. வீட்டுக்காரர் ஆலைக்காரரானார், ஆலைக்காரரின் உத்தி வீட்டுக்குத் திரும்பியது, இரண்டு பேரின் சந்தேகத்தையும் பல்கலைக்கழகம் தீர்த்துவைத்தது. இந்த மூன்று பேருக்கும் பொதுவாக நான்கு கேள்விகள் இருந்தன. எத்தனை நாள் ஊறவிடுவது? எவ்வளவு போடுவது? எப்போது போடுவது? காற்றை எப்படித் தடுப்பது?

எத்தனை நாள்? முதலில் இதைப் பார்ப்போம்.

பழைய வழக்கம் இப்படி இருந்தது. நொதித்த பீரை ஈஸ்ட் வண்டலிலிருந்து பிரித்து, கார்பாய் என்ற பெரிய கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவார்கள். வாய் குறுகிய குடுவை. அதற்குள் ஒன்றிரண்டு அவுன்ஸ் ஹாப்ஸைத் திணிப்பார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டுவிடுவார்கள். காய்ந்த முழுக் கூம்பாக இருந்தால் மேலேயே மிதக்கும். அது மூழ்க வேண்டும் என்பதற்காகத் துணிப்பையில் கட்டி, கூடவே வெந்நீரில் போட்டெடுத்த கோலிக்குண்டுகளையும் போட்டு இறக்குவார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த ஊறிப் பருத்த பையைக் குறுகிய வாய் வழியாக வெளியே இழுப்பது தனி யுத்தம்.

இப்போது பெரும்பாலோர் வாங்குவது பெல்லட். காய்ந்த கூம்பை அரைத்து அழுத்திச் செய்த, கோழித்தீவன உருண்டை அளவிலான பச்சைத் துண்டு. பீரில் விழுந்ததும் உப்பிப் பிரிந்து தூளாகும். சில நாளில் அடியில் தங்கிவிடும். அரைக்கும்போதே லூபுலின் சுரப்பிகள் உடைந்துவிடுவதால் எண்ணெய் சீக்கிரம் இறங்கும். எவ்வளவு சீக்கிரம்? ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வுல்ஃப் 2012இல் சமர்ப்பித்த ஆய்வேடு இதற்குப் பதில் சொன்னது. பெல்லட்டிலிருந்து மணப்பொருள்கள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பீரில் இறங்கிவிடுகின்றன; பீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் சில மணி நேரமே போதும். அதற்குமேல் நாள் போகப்போக ஏறுவது தேயிலையைப் போலத் துவர்க்கும் பாலிஃபீனால்கள்தான்.

இரண்டு வாரம் எங்கே, ஒரு நாள் எங்கே! இந்த முடிவு பரவியதும் வீட்டுக்காரர்களின் நாள்காட்டியே மாறிப்போனது. இப்போது இரண்டு நாள், மூன்று நாள் என்பதே பரவலான வழக்கம். கார்பாயை அவ்வப்போது மெல்லச் சுழற்றிவிடுபவர்களும் உண்டு. சியர்ரா நெவாடா ஆலை அந்தக் கலக்கும் வேலைக்கு ஒரு கருவியே செய்தது. ஹாப்ஸ் நிரப்பிய எஃகு உருளைக்குள் பீரை மறுபடி மறுபடி ஓடவிடுவார்கள். அந்தக் கருவியின் பெயரிலேயே டார்பிடோ என்ற பீர் 2009இல் வெளிவந்தது.

அடுத்தது, எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: இன்னும் கொஞ்சம்! வெர்மாண்ட் மாநிலத்தின் வாட்டர்பரியில் ஜான் கிம்மிச் தன் மனைவி ஜென் கிம்மிச்சுடன் நடத்திய ஆல்கெமிஸ்ட் விடுதியில் ஹெடி டாப்பர் என்ற பீர் கிடைத்தது. கலங்கலாக, பழச்சாறு போல மணக்கும் பீர். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அந்த விடுதியை மூழ்கடித்தது. வேறு இடத்தில் அமைத்திருந்த ஆலையில் அந்த பீர் டின்னில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. ஆட்கள் மைல்கணக்கில் காரோட்டி வந்து வாங்கினார்கள். அதே போன்ற கலங்கல் பீரை வீட்டில் காய்ச்சக் கிளம்பியவர்கள் ஹாப்ஸை அவுன்ஸ் கணக்கை விட்டுவிட்டு பவுண்டு கணக்கில் கொட்டத் தொடங்கினார்கள்.

கொட்டக் கொட்ட மணம் ஏறுமா? ஸ்காட் லஃபான்டெய்ன், டாம் ஷெல்ஹாமர் என்ற இரண்டு ஓரிகன் ஆய்வாளர்கள் 2018இல் இதை அளந்து காட்டினார்கள். காஸ்கேட் ஹாப்ஸை நூறு லிட்டருக்கு 200 கிராமிலிருந்து 1600 கிராம் வரை படிப்படியாகக் கூட்டிப் போட்டார்கள். பயிற்சி பெற்ற ருசியாளர்கள் முகர்ந்து பார்த்தார்கள். 800 கிராமுக்குமேல் போனபோது ஆரஞ்சு, எலுமிச்சை மணம் அதற்கேற்ப ஏறவில்லை. மூலிகையும் தேயிலையும்தான் முன்னுக்கு வந்தன. அவர்கள் பரிந்துரைத்தது லிட்டருக்கு நான்கு முதல் எட்டு கிராம். வீட்டுக்காரர் ஒரு தடவை காய்ச்சுவது ஏறக்குறைய இருபது லிட்டர். அதற்கு 80 முதல் 160 கிராம். முந்நூறு கிராம் கொட்டுபவருக்கு நஷ்டம் இரண்டு வகையில் வருகிறது. பெல்லட் உப்பும்போது பீரைக் குடித்துக்கொள்வதால் அளவு குறைகிறது. மிதக்கும் தூளோடு குடித்தால் தொண்டை கரகரவென்று எரிகிறது. அந்த எரிச்சலை அவர்கள் ஹாப் பர்ன் என்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். எப்போது?

இங்கேதான் வீட்டுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்.

முதல் கட்சி, நொதித்தல் முடியும் முன்பே போடச் சொல்கிறது. ஈஸ்ட் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும்போது ஹாப்ஸ் விழுந்தால், சில மணப்பொருள்களை ஈஸ்ட் வேறொன்றாக மாற்றிவிடும். ஜெரானியாலை சிட்ரோனெல்லாலாக ஈஸ்ட் மாற்றுவது சோதனைக்கூடத்தில் காட்டப்பட்ட உண்மை. ஜப்பானின் சப்போரோ நிறுவனத்து கியோஷி தகோய் இதில் விரிவாக வேலை செய்தவர். ரோஜா மணம் எலுமிச்சைப் பக்கம் சாய்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. மூடியைத் திறக்கும்போது நுழையும் ஆக்சிஜனை, வேலையில் இருக்கும் ஈஸ்ட் விழுங்கிவிடும்.

இரண்டாம் கட்சி கேட்கிறது: நொதிக்கும்போது குபுகுபுவென்று வெளியேறும் கரியமில வாயு, நீங்கள் போட்ட மணத்தையும் அள்ளிக்கொண்டு போகாதா? போகும். அறை முழுக்க மணக்கிறது என்றால் அந்த மணம் பீரில் இல்லை என்றுதான் பொருள். ஆகவே இவர்கள் நொதித்தல் முழுதும் முடியக் காத்திருப்பார்கள். பிறகு நொதிக்கலனை 14, 15 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விப்பார்கள். ஈஸ்ட் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். அதற்குப் பிறகு ஹாப்ஸ். இரண்டு மூன்று நாள் கழித்து இரண்டு மூன்று டிகிரிக்குக் கொண்டுபோய் ஹாப்ஸ் தூளையும் அடியில் படியவைப்பார்கள்.

இரண்டு கட்சிக்கும் நடுவே சமரசம் பேசுபவர்கள் பாதியை முன்னும் பாதியைப் பின்னும் போடுகிறார்கள்.

நான்காவது கேள்வி காற்று. நண்பர்களே, வீட்டுக்காரர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

பொன்னிறமாக, பழச்சாறு போல மணந்த பீர் சில நாட்களுக்குள் மங்கி, பழுப்பாகி, சில சமயம் ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கே போய்விடுவதைப் பார்க்கலாம். மணம் போய் ஈர அட்டைப்பெட்டி வாசனை வரும். ஹாப்ஸ் கெட்டுப்போனதா? இல்லை. ஆக்சிஜன் புகுந்துவிட்டது. ஹாப்ஸ் கூடக்கூட ஆக்சிஜனால் வரும் சேதமும் கூடும். கார்பாயின் மூடியைத் திறந்து பெல்லட்டைக் கொட்டும் அந்த அரை நிமிஷத்திலேயே காற்று உள்ளே போய்விடுகிறது. குளிர்விக்கும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்க, வெளிக்காற்றைக் கலன் உறிஞ்சிக்கொள்கிறது.

இதற்கு வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த உபாயங்களில் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். காய்ச்சும் நாளிலேயே ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டுகிறார்கள். பைக்குள் உணவுத்தர உறையில் அடைத்த ஒரு வலுவான காந்தம். நொதிக்கலனின் உட்சுவரில், திரவ மட்டத்துக்கு மேலே அந்தப் பையை வைத்து, வெளிப்புறம் இன்னொரு காந்தத்தை ஒட்டுகிறார்கள். பை சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மூடியை இறுக்கி மூடியாகிவிட்டது. நொதித்தல் நடக்கிறது, வரும் கரியமில வாயு உள்ளே இருந்த காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. குறித்த நாள் வந்ததும் வெளிக்காந்தத்தை இழுத்தெடுக்கிறார்கள். பை தொப்பென்று பீரில் விழுகிறது. மூடியைத் திறக்கவே இல்லை! இதில் ஒரு குறையும் உண்டு. நொதிக்கலனின் இளஞ்சூட்டில் அந்தப் பை பல நாள் தொங்கியிருக்கும். அதற்குள் மணம் கொஞ்சம் குறையவே செய்யும்.

இன்னொரு வழி கெக். குளிர்பான நிறுவனங்கள் ஒரு காலத்தில் சிரப் அனுப்பப் பயன்படுத்திய 19 லிட்டர் எஃகு உருளைகள், அவர்களுக்கு வேண்டாமல் போனபோது வீட்டு பீர்க்காரர்களுக்குப் புதையலாகக் கிடைத்தன. ஹாப்ஸைக் கண் சிறுத்த எஃகு வலைக் குழாயில் போட்டு, வாசனை சேர்க்காத பல் இடுக்கு நூலில் கட்டிக் கெக்கின் உள்ளே தொங்கவிடுகிறார்கள். நூல் மூடியிடுக்கில் நசுங்கினாலும் கசியாத அளவுக்கு மெலிசு. பீரை ஊற்றுவதற்கு முன் கெக்கின் காற்றை வெளியேற்ற வேண்டும். கிருமிநீக்கித் திரவத்தால் கெக்கைத் தளும்பத் தளும்ப நிரப்பி, கரியமில வாயுவால் அதை வெளியே தள்ளினால் உள்ளே மிஞ்சுவது அநேகமாக வெறும் கரியமில வாயுதான். வலைக் குழாயைத் தொங்கவிட மூடியைத் திறந்தால், பிறகு அழுத்தம் கொடுத்துத் திறந்துவிட்டு, மறுபடி அழுத்தம் கொடுத்து, பலமுறை காற்றைக் கழிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் இங்கே உண்டு. ஏற்கெனவே வாயு ஏறிய பீரில் பெல்லட்டைக் கொட்டக் கூடாது. ஒவ்வொரு தூளின் மேலும் குமிழி பிறந்து பீர் கூரை வரை பீய்ச்சியடிக்கும். துடைத்து முடிக்க மாலையாகிவிடும்.

நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. கதை முடிந்ததா? முடியவில்லை. ஐந்தாவதாக ஒன்று ஒளிந்திருந்தது. அதை யாரும் கேள்வியாகக்கூடக் கேட்டிருக்கவில்லை.

மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் அலகாஷ் என்றொரு ஆலை. பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் மறுபடி கொஞ்சம் நொதித்து வாயு ஏற்றும் முறையில் பேர்போனது. சர்க்கரையைக் கணக்காக அளந்து போட்டும், ட்ரை ஹாப் செய்த பீரில் மட்டும் வாயு அளவுக்குமேல் ஏறுவதை அங்கே கவனித்தார்கள். ஈஸ்டுக்குக் கூடுதல் சர்க்கரை எங்கிருந்து கிடைத்தது? ஹாப்ஸில் சர்க்கரை அந்த அளவுக்குக் கிடையாதே!

விடை 1893ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. பர்ட்டன் நகரத்து வேதியியலாளர் ஹோரஸ் பிரௌனும் ஹாரிஸ் மோரிஸும் அந்த ஆண்டில் ட்ரை ஹாப்பிங் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஹாப்ஸில் மாவுப்பொருளை உடைக்கும் நொதி இருக்கிறது. பீரில் ஈஸ்ட் தின்ன முடியாமல் மிஞ்சிக்கிடக்கும் டெக்ஸ்ட்ரின்களை அது உடைத்துத் தின்னக்கூடிய சர்க்கரையாக்குகிறது. அதனால் பீப்பாயில் பீர் மறுபடி துள்ளுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பூவைப் போட்டால் பழைய பீர் புதுசாகத் துள்ளும் என்பது பீப்பாய்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. பிறகு பீரை வடிகட்டி ஈஸ்டை நீக்கி அடைக்கும் காலம் வந்தது. ட்ரை ஹாப்பிங் அருகியது. கட்டுரை அலமாரிக்குள் போய்விட்டது. ஓரிகனில் கேலின் கிர்க்பாட்ரிக், டாம் ஷெல்ஹாமர் இருவரும் 2018இல் இதை நவீனக் கருவிகளால் உறுதிசெய்தபோது உலகம் மறுபடி கவனித்தது. ஈஸ்ட் இருக்கும் பீரில் ஹாப்ஸ் போட்டு வாரக்கணக்கில் விட்டால் ஆல்கஹால் ஒரு சதவிகிதத்துக்கு மேல்கூட ஏறக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். இந்த நிகழ்வுக்கு இப்போதைய பெயர் ஹாப் கிரீப்.

வீட்டுக்காரருக்கு இதனால் என்ன? இரண்டு ஆபத்து. பாட்டிலில் அடைத்த பிறகு வாயு ஏறிக்கொண்டே போனால் பாட்டில் வெடிக்கும்; கண்ணாடித் துண்டு விளையாட்டுப் பொருள் அல்ல. இரண்டாவது, ஈஸ்ட் மறுபடி வேலை தொடங்கும்போது டயாசிடில் என்ற பொருள் உருவாகி, ஆரஞ்சு மணக்க வேண்டிய பீரில் வெண்ணெய் மணக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஒரே பீரை இரண்டு கண்ணாடிக் குவளையில் எடுத்து இரண்டையும் மூடுகிறார்கள். ஒன்றை அறுபது டிகிரி வெந்நீரில் இருபது நிமிஷம் நிற்கவைத்து, ஆறவைத்து, இரண்டையும் முகர்ந்து பார்க்கிறார்கள். சுட்டதில் மட்டும் வெண்ணெய் மணந்தால், பீருக்குள் டயாசிடில் ஆகப்போகிற மூலப்பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. இளஞ்சூட்டில் இன்னும் சில நாள் விட்டால் ஈஸ்டே அதை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டிலும் மணக்கவில்லையென்றால் அடைக்கலாம். அடைப்பதற்கு முன் அடர்த்திமானியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அளந்து, எண் இறங்கவில்லை என்று உறுதிசெய்துகொள்வதும் வழக்கம்.

எல்லாவற்றையும் சேர்த்து, இன்றைக்கு ஒரு கவனமான வீட்டுக்காரர் இருபது லிட்டர் பீருக்கு என்ன செய்கிறார்? வாயு புகாத உறையில், ஃப்ரீஸரில் வைத்திருந்த பெல்லட் நூறு, நூற்றிருபது கிராம் எடுக்கிறார். நொதித்தல் முடிந்ததை அடர்த்திமானியில் பார்க்கிறார். கலனைப் பதினைந்து டிகிரிக்குக் குளிர்விக்கிறார். கரியமில வாயுவைத் திறந்துவிட்டுக்கொண்டே ஹாப்ஸைப் போடுகிறார். இரண்டு மூன்று நாள் விடுகிறார். வெண்ணெய் சோதனை செய்கிறார். குளிரவைத்துத் தூளைப் படியவைத்து, காற்றுப் படாத குழாய் வழியாகக் கெக்குக்கு மாற்றுகிறார். இரண்டு வாரம் ஊறிய பழைய கார்பாயோடு ஒப்பிட்டால் ஹாப்ஸ் கூடியிருக்கிறது, நாள் குறைந்திருக்கிறது, திறக்கும் மூடி அநேகமாக இல்லாமல் போய்விட்டது.

கடைசியாக ஒன்று, நாய் வளர்ப்பவர்களுக்கு. ஊறி முடிந்த ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டுவது அந்த நாடுகளில் பலருக்கும் வழக்கம். நாய் அதைத் தின்றுவிட்டால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கிரேஹவுண்ட் போன்ற இனங்கள் இதற்கு எளிதில் பலியாகின்றன. ஆகவே சக்கையை இறுகக் கட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.